முடிவெடுக்க 35 நிமிடம்: படை முறையை மலையில் பழகுவோருக்கு

நீலகிரியில், குன்னூர் பக்கத்து வெலிங்டனில் மதராஸ் ரெஜிமெண்ட் மையமும் முப்படை அதிகாரிகள் படிக்கும் ஸ்டாஃப் காலேஜும் இருக்கின்றன. மையத்தில் ரெக்ரூட்டுகளின் பரேடு சத்தம் காலை பனியைத் தாண்டிக் கேட்கும். காலேஜில் சத்தமே இருக்காது. மேஜர் நிலையில் உள்ளவர்கள் வரைபடத்தைச் சுற்றி உட்கார்ந்து வாதாடுவார்கள், எழுதுவார்கள், எழுதியதை அடித்துத் திருத்துவார்கள். 1947-ல் பிரிவினையின்போது குவெட்டாவிலிருந்து பிரிந்து இங்கே வந்த கல்லூரி இது. சின்னம் ஆந்தை. வாசகம் ‘யுத்தம் பிரக்ஞயா’, அறிவால் போர். அங்கே சொல்லித் தருவதைச் சுருக்கினால் இரண்டு விஷயம் நிற்கும்: எப்படி முடிவெடுப்பது, எடுத்த முடிவை எப்படி அடுத்தவர் தலைக்குள் சிந்தாமல் ஊற்றுவது.

என்.சி.சி. பிள்ளைகளுக்கும், படை அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் எஸ்.எஸ்.பி. தேர்வில் குழுத் திட்டப் பயிற்சிக்குத் தயாராகிறவர்களுக்கும், வடகிழக்கு மழைக்காலத்தில் முதல்நிலை மீட்பாளராகப் பெயர் கொடுத்திருக்கும் நம்மூர் இளைஞர்களுக்கும் இதே இரண்டும்தான் தேவை. ஆகவே துப்பாக்கியை ஓரமாக வைத்துவிட்டு, நீலகிரியில் நடக்கக்கூடிய ஒரு கணக்கை எடுத்து, படையில் போடும் படிகளில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்போம்.

அதற்கு முன் ஒன்று. படை என்றால் ஒருவர் கத்துவார், மற்றவர் ஓடுவார் என்று சினிமா பழக்கியிருக்கிறது. அப்படி ஓடிய படைதான் 1806-ல் யேனாவில் நெப்போலியனிடம் நொறுங்கிய பிரஷ்யப் படை. மேலிருந்து அடுத்த உத்தரவு வரும்வரை அசையத் தெரியாத படை அது. அந்த அடியிலிருந்து பாடம் படித்து, பிறகு பிரஷ்யத் தளபதி மோல்ட்கே காலத்தில் பக்குவப்பட்ட முறைதான் இன்று பல நாட்டுப் படைகளிலும் பேசப்படுகிறது. என்ன செய்ய வேண்டும், ஏன் செய்ய வேண்டும் என்பதை மேலே இருப்பவர் சொல்வார். எப்படி என்பது களத்தில் நிற்பவர் பொறுப்பு. கீழே வருவதெல்லாம் இந்த ஒரு ‘ஏன்’ வழி தவறிவிடாமல் கடைசி ஆள் வரை போய்ச் சேருவதற்கான ஏற்பாடுதான்.

கணக்கு

நவம்பர். இரண்டு இரவாக விடாத மழை. குன்னூருக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்து லைன், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகள். 12 வீடு, 40 பேர். நடக்க முடியாத முதியவர்கள் இருவர், எட்டு மாதக் கர்ப்பிணி ஒருவர். லைனுக்கு மேட்டுப்பக்கம் மண்ணில் விரிசல். தார் ரோட்டில் மண்சரிந்து, மேலே சில்வர் ஓக் மரமும் விழுந்து கிடக்கிறது. தேயிலைக் காட்டுக்குள் ஒரு கிலோமீட்டர் ஒற்றையடிப் பாதை உண்டு, நடுவில் ஒரு பள்ளம். (சமவெளிக்காரர்களுக்கு: எங்கள் பக்கம் ஓடையைப் பள்ளம் என்போம்.) அதைக் கடக்கச் சின்ன சிமெண்டுப் பாலம். மேலே பள்ளிக்கூடத்தில் தங்க இடம் தயார். உங்களிடம் 12 பேர், இரண்டு ஸ்ட்ரெச்சர், மூன்று வாக்கி-டாக்கி. செல்போன் டவர் படுத்துவிட்டது. காலை 11.00-க்குத் தாசில்தார் சொல்கிறார்: லைன் ஆட்களை மேலே கொண்டுவாருங்கள்.

பயிற்சி என்றாலும் ஒன்றை மறக்க வேண்டாம். நிஜத்தில் இந்த வேலை வருவாய்த் துறை, தீயணைப்புத் துறை சொல்லித்தான் நடக்க வேண்டும். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077. தகவல் சொல்லாமல் தானாக இறங்கும் குழுவைத் தேட இன்னொரு குழு போக வேண்டியிருக்கும்.

படி 1: வேலையை வாங்கும்போதே ‘ஏன்’ கேளுங்கள்

“சரிங்க சார்” என்று திரும்பி ஓடாதீர்கள். இரண்டு கேள்வி கேட்டுவிட்டு ஓடுங்கள். எதற்காக? எத்தனை மணிக்குள்?

இங்கே பதில்: இரவு மறுபடி மழை பிடித்தால் விரிசல் விட்ட மேட்டுக்கு அடியில் ஒரு ஆள்கூட இருக்கக் கூடாது. இதைக் கேட்டு வாங்கிய பிறகு வேலையின் உருவமே மாறிவிடுகிறது. ‘40 பேரைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோ’ என்பது ஒரு வேலை. ‘40 பேரையும் அந்த மேட்டுக்கு அடியிலிருந்து எடு’ என்பது வேறொரு வேலை. பள்ளத்தில் தண்ணீர் ஏறிப் பாதை அடைபட்டால், முதலாவதை மட்டும் கேட்டவர் பாலத்தருகே மழையில் நின்று உத்தரவுக்குக் காத்திருப்பார். இரண்டாவதைக் கேட்டவர் லைனுக்கு மறுபக்கத் திட்டில் இருக்கும் கொழுந்து நிறுக்கும் ஷெட்டுக்கு எல்லோரையும் கூட்டிப் போய் உட்கார வைத்துவிடுவார். உத்தரவை மீறினாரா? இல்லை, நிறைவேற்றிவிட்டார்.

வேலையை ஒரே வாக்கியத்தில் நோட்டில் எழுதுங்கள். ‘மற்றும்’ போட்டு இரண்டு வேலை எழுதினால் இரண்டில் எது முக்கியம் என்று யாருக்கும் தெரியாது.

படி 2: ஐந்து நிமிடத்தில் முன்தகவல்

திட்டம் முடிந்த பிறகு ஆட்களிடம் சொல்லலாம் என்று நினைப்பதுதான் புதியவர் செய்யும் முதல் நேரவிரயம். படையில் வார்னிங் ஆர்டர் என்று ஒன்று உண்டு. முடிவு எதுவும் எடுக்காமலே சொல்லக்கூடியதை முதலில் சொல்லிவிடுவது. 11.05-க்கு இதைச் சொன்னால் போதும்: லைனுக்கு இறங்கப் போகிறோம், நடந்துதான், 12.30-க்கு முன் கிளம்ப மாட்டோம், 11.35-க்கு எல்லோரும் இங்கே வந்து முழு விவரம் கேளுங்கள். அதற்குள் ஸ்ட்ரெச்சர், கயிறு, டார்ச், பேட்டரி சரிபாருங்கள், சாப்பிட்டுவிடுங்கள், அட்டைக்குக் காலில் உப்போ புகையிலையோ கட்டிக்கொள்ளுங்கள்.

நீங்கள் யோசிக்கிற அரைமணி நேரத்தில் அவர்கள் தயாராகிவிடுவார்கள்.

படி 3: நேரத்தைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்

நவம்பரில் ஆறு மணிக்கு இருட்டிவிடும். ஆனால் மலையில் இருட்டுக்கு முன்பே பனிமூட்டம் இறங்கும். அது இறங்கினால் பத்தடி தூரத்தில் நிற்பவர் தெரிய மாட்டார். ஆகவே கடைசி ஆள் பள்ளிக்கூடம் சேர வேண்டிய நேரம் 16.30 என்று வைப்போம். படையில் 24 மணிக் கணக்கு வைப்பதன் காரணம் சாதாரணம்: ‘17.30-க்கு வா’ என்றால் காலையா மாலையா என்று யாரும் கேட்க வேண்டியதில்லை.

ஸ்ட்ரெச்சரோடு பாதை ஏற 45 நிமிடம், வெறுங்கையோடு இறங்க 25 நிமிடம். தூக்க வேண்டியவர் மூவர். ஒரே ஸ்ட்ரெச்சர் குழு இரண்டு நடை போகிறது என்று எண்ணுவோம். (மூன்றாமவரை யார் தூக்குவது என்பது படி 4-ல் வரும்.) 16.30-லிருந்து கடைசி ஏற்றம் 45 நிமிடம் போனால் 15.45. அதற்கு முன் இறங்கியது 25, முதல் ஏற்றம் 45. ஆக முதல் ஸ்ட்ரெச்சர் லைனை விட்டுக் கிளம்ப வேண்டிய கடைசி நேரம் 14.35. வீடு வீடாகப் போய்த் தலை எண்ணி, மாத்திரை, ரேஷன் கார்டு எடுக்க வைத்து, ‘ஆட்டை விட்டுட்டு எப்படிங்க வர்றது’ என்பவரைச் சமாதானப்படுத்த 50 நிமிடம்: 13.45. உங்கள் குழு இறங்க 30: 13.15. கணக்குப் போட்டபடி எதுவும் நடக்காது, ஆகவே அரைமணி விட்டுவைத்தால் 12.45-க்குக் கிளம்ப வேண்டும்.

11.00-லிருந்து 12.45 வரை உங்களிடம் இருப்பது 105 நிமிடம். இதில்தான் படையின் பழைய விதி வருகிறது: தலைவருக்கு மூன்றில் ஒரு பங்கு, கீழே உள்ளவர்களுக்கு மூன்றில் இரண்டு பங்கு. உங்கள் பங்கு 35 நிமிடம். 11.35-க்கு வாய் திறந்துவிட வேண்டும்.

இந்த விதி எல்லோருக்கும் தெரியும், பெரும்பாலானோர் மீறுவதும் இதைத்தான். மேலே ஒவ்வொரு மட்டமும் ‘இன்னும் பத்து நிமிடம்’ எடுத்துக்கொண்டால் கடைசியில் கயிறு கட்டுகிறவருக்கு நேரமே மிஞ்சாது. பிரிகேடு, பட்டாலியன், கம்பெனி, பிளட்டூன், செக்‌ஷன் என்று ஐந்து மட்டம் இறங்க வேண்டிய இடத்தில் இந்தக் கசிவு எவ்வளவு என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். அழகான திட்டத்தைப் பிந்திக் கொடுப்பதைவிட எழுபது சதவீதம் சரியான திட்டத்தை நேரத்துக்குக் கொடுப்பது மேல் என்று அமெரிக்க மரைன் படையில் சொல்வார்கள்.

படி 4: ஒவ்வொரு தகவலுக்கும் பின்னால் ‘அதனால்?’

இதுதான் 35 நிமிடத்தின் கனமான பகுதி. பிரிட்டிஷ் காலத்திலிருந்து நம் படையில் இதற்கு அப்ரிஷியேஷன் என்று பெயர். பாராட்டு என்று அர்த்தமில்லை, நிலைமையை எடைபோடுவது. நிலம், ஆள்பலம், நேரமும் தூரமும், வானிலை, எதிரி என்று காரணிகளை வரிசையாக எடுத்து, ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு முடிவைப் பிழிய வேண்டும். பிழிய முடியாத தகவலை அடித்துவிட வேண்டும்.

புதியவர் எழுதுவது இப்படி இருக்கும்: ‘பாதை செங்குத்தானது. மழை பெய்கிறது. பள்ளத்தில் தண்ணீர் அதிகம்.’ இது வர்ணனை. இதையே இப்படி எழுதிப் பாருங்கள்.

பாதை செங்குத்து, வழுக்கும். அதனால்? ஒரு ஸ்ட்ரெச்சருக்கு நால்வர் போதாது. நால்வர் தூக்க, நால்வர் மாற்றாகக் கூடவே நடக்க, எட்டுப் பேர் வேண்டும். அதனால்? 12 பேரில் தலைவர் ஒருவர், வாக்கி-டாக்கியும் நோட்டும் ஒருவர், பாலத்தருகே இருவர் போனால் மிச்சம் எட்டு. ஒரே ஒரு ஸ்ட்ரெச்சர்தான் நகரும். கையில் கூடுதல் ஆள் ஒருவர்கூட இல்லை. அதனால்? மூன்று பேரை ஒரே குழு தூக்கினால் மூன்று ஏற்றம், இரண்டு இறக்கம்: 185 நிமிடம். 13.45-க்குத் தொடங்கினாலும் 16.50 ஆகிவிடும். பனிமூட்டத்துக்குள் மாட்டிக்கொள்வோம். அதனால்? இரண்டாவது ஸ்ட்ரெச்சரை லைன் இளைஞர்கள் எட்டுப் பேர் தூக்க வேண்டும். தேயிலை மூட்டை சுமந்த தோள்கள், நம்மைவிடப் பாதையும் தெரியும்.

நான்காவது ‘அதனால்’ வரும்போதுதான் திட்டமே பிறந்தது, கவனித்தீர்களா? முதல் ‘அதனால்’ உடன் நின்றிருந்தால் ‘பார்த்துப் போங்க’ என்ற உபதேசம்தான் மிஞ்சியிருக்கும்.

இந்த எடைபோடலுக்கு நம் மலையோடு உறவுள்ள பெரிய உதாரணம் ஒன்று உண்டு. 1971 ஏப்ரலில் கிழக்குப் பாகிஸ்தானுக்குள் போக முடியுமா என்று அமைச்சரவையில் கேட்டபோது, தலைமைத் தளபதி சாம் மானெக்‌ஷா இப்போது முடியாது என்றார். அவர் வைத்த காரணங்கள் எல்லாம் நேரமும் நிலமும்தான். பருவமழை வரப்போகிறது, அதனால் ஆறுகள் கடலாகும், படை ரோட்டைவிட்டு இறங்க முடியாது. கோடையில் இமயக் கணவாய்கள் திறக்கும். அதனால் வடக்கே சீனாவுக்காக வைத்திருக்கும் படையை அசைக்க முடியாது. டிவிஷன்கள் சிதறிக் கிடக்கின்றன; அதனால் சேர்க்க ரயிலும் ரோடும் வேண்டும், அது அறுவடை போகிற நேரம். டிசம்பர் 3-ல் போர் தொடங்கியபோது நிலம் காய்ந்திருந்தது, கணவாய்களில் பனி. 16-ல் முடிந்தது. அவர் ஒருகாலத்தில் வெலிங்டன் கல்லூரிக்குத் தலைவராக இருந்தவர். ஓய்வுக்குப் பிறகு குன்னூரில்தான் வீடு கட்டிக் குடியிருந்தார். வீட்டுக்குப் பெயர் ‘ஸ்டாவ்கா’. ரஷ்யர்கள் தங்கள் போர்த் தலைமையகத்தை அழைத்த பெயர் அது. குறும்பு போகவில்லை.

படி 5: குறைந்தது இரண்டு வழி, இளையவர் முதலில் பேசட்டும்

ஒரே வழி மட்டும் தெரிகிறது என்றால் நீங்கள் இன்னும் யோசிக்கவில்லை என்று அர்த்தம். இங்கே மூன்று: ரோட்டுச் சரிவை வெட்டி வண்டி விடுவது, பாதை வழி பள்ளிக்கூடம், மறுபக்கத் திட்டில் உள்ள ஷெட். ரோடு வழியை ஒரு வரியில் தள்ளலாம்: ஈர மண்ணை அடியில் வெட்டினால் மேலே உள்ளது இறங்கும், ஜே.சி.பி. எப்போது வரும் என்பதும் நம் கையில் இல்லை. பாதையைத் தேர்ந்தெடுங்கள், ஷெட்டை மாற்றுவழியாக வையுங்கள்.

யோசனை கேட்கும்போது ஒரு சின்ன ஒழுங்கு. ராணுவ நீதிமன்றத்தில் உறுப்பினர்கள் கருத்துச் சொல்லும்போது பதவியில் இளையவரிடமிருந்து தொடங்குவார்கள். பெரியவர் வாயைத் திறந்துவிட்டால் சின்னவர் ‘அண்ணன் சொன்னதுதான் சரி’ என்றுவிடுவார் என்பது அவர்களுக்கும் தெரியும். நம் ஊரில் இது இன்னும் கெட்டியான பழக்கம். ஆகவே 19 வயதுப் பையனை முதலில் கேளுங்கள்; அந்த லைனில் அவன் அத்தை வீடு இருக்கலாம்.

கேட்பது எல்லோரிடமும், முடிவு ஒருவரிடம். கை தூக்கி ஓட்டெடுப்பு வேண்டாம். தோற்ற பக்கம் அரைமனதோடு வரும்.

படி 6: உத்தரவு

1854 அக்டோபர் 25, கிரிமியாவில் பாலக்லாவா. பிரிட்டிஷ் தளபதி ராக்லன் குன்றின் உச்சியில் நிற்கிறார். பக்கத்து மேட்டில் கைப்பற்றிய பீரங்கிகளை ரஷ்யர்கள் இழுத்துப் போவது அவருக்குத் தெரிகிறது. எதிரி பீரங்கிகளைக் கொண்டுபோகாமல் தடுக்கக் குதிரைப்படை முன்னேறட்டும் என்று ஒரு தாளில் எழுத வைத்து அனுப்புகிறார். கீழே பள்ளத்தாக்கில் நிற்கும் குதிரைப்படைத் தலைவர் லூகனுக்கு அந்த மேடே மறைவு. அவர் கண்ணுக்குத் தெரிந்த பீரங்கிகள் பள்ளத்தாக்கின் கோடியில் இருந்தவை. எந்தப் பீரங்கி என்று கேட்டதற்குத் தாளைக் கொண்டுவந்த நோலன் கையை அப்படியே வீசிக் காட்டினார். ஏறத்தாழ 670 குதிரை வீரர்கள் மூன்று பக்கமும் பீரங்கி இருந்த பள்ளத்தாக்குக்குள் பாய்ந்தார்கள். யாரும் கோழையில்லை, யாரும் உத்தரவை மீறவில்லை.

மலையில் வாழ்கிறவருக்கு இது அன்றாடக் கதை. குன்னூர் பக்கத்து டால்பின் நோஸ் முனையில் நின்று பார்ப்பவருக்குக் காத்தரின் அருவியும் அடியில் உள்ள காடும் படம் போலத் தெரியும். காட்டுக்குள் நிற்பவருக்கு அடுத்த மரம் தெரியும். ‘இடது பக்கம் போ’ என்று மேலிருந்து சொன்னால் யாருடைய இடது? இதற்குச் சில கட்டுப்பாடுகள்:

ரோட்டிலும் பாதையிலும் இடம்-வலம் சொல்லாதீர்கள். மேட்டுப்பக்கம், பள்ளத்துப்பக்கம் என்று சொல்லுங்கள். எந்தப் பக்கம் திரும்பி நின்றாலும் அது மாறாது. ஓடையின் இடக்கரை என்றால் தண்ணீர் ஓடும் திசையைப் பார்த்து நிற்கும்போது இடது. கொண்டை ஊசி வளைவுகளைப் பலகையில் உள்ள எண்ணால் சொல்லுங்கள். குன்னூர்–மேட்டுப்பாளையம் ரோட்டில் 14, கல்லட்டி ரோட்டில் 36. ‘மூணாவது வளைவு’ என்றால் மேலிருந்து மூன்றா கீழிருந்து மூன்றா என்று சண்டை வரும்.

உத்தரவுக்கு ஐந்து தலைப்பு. நம் படையிலும் மற்ற பல படைகளிலும் ஏறக்குறைய இதே வரிசை: நிலைமை, வேலை, செய்யும் விதம், சாமானும் ஏற்பாடும், தலைமையும் தொடர்பும். வரிசை மாறாமல் இருப்பதே அதன் பலம். கேட்பவர் எந்த இடத்தில் எது வரும் என்று எதிர்பார்த்தபடி இருப்பார், விட்டுப்போனது உடனே உறைக்கும். பேச்சில் இப்படி வரும்:

“நிலைமை. லைன்ல 40 பேர். மேட்டுப்பக்கம் விரிசல். ரோடு இல்ல, பாதை இருக்கு, பாலம் காலைல பத்து மணிக்கு நல்லா இருந்துச்சு.

வேலை. ராத்திரி மழைக்குள்ள அந்த மேட்டுக்கு அடியில ஒருத்தரும் இருக்கக்கூடாது. அதனால 40 பேரையும் நாலரைக்குள்ள பள்ளிக்கூடத்துல சேர்க்கிறோம். மறுபடி சொல்றேன்...” (வேலையை மட்டும் இருமுறை சொல்ல வேண்டும்.)

“செய்யும் விதம். எட்டுப் பேர் ஸ்ட்ரெச்சர். லைன் பசங்க எட்டுப் பேர் ரெண்டாவது ஸ்ட்ரெச்சர். முதல் நடைல கர்ப்பிணியும், பெரியவர் ஒருத்தரும். நம்ம எட்டுப் பேரும் உடனே இறங்கி இன்னொருத்தரைத் தூக்கணும். லைன் பசங்க மேலயே நிக்கணும், அவங்கதான் நம்ம கையிருப்பு. நடக்கிறவங்க பத்துப் பத்துப் பேரா, ஒவ்வொரு பத்துக்கும் பேர் எழுதி. பாலத்துல ரெண்டு பேர். பாலம் போச்சுன்னா எல்லாரும் ஷெட்டுக்கு.

சாமான். கயிறு, டார்ச், தார்ப்பாய், வெல்லமும் பிஸ்கெட்டும். தலைமை. நான் பாலத்துல இருப்பேன். வாக்கி-டாக்கி ஒண்ணு லைன்ல, ஒண்ணு பாலத்துல, ஒண்ணு பள்ளிக்கூடத்துல. எனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா செல்வி அக்கா பொறுப்பு.”

ஏழெட்டு நிமிடத்துக்கு மேல் போனால் நீங்கள் ‘எப்படி’யைச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கிவிட்டீர்கள். ஸ்ட்ரெச்சரில் யார் எந்த முனை என்பது அந்த எட்டுப் பேரின் வேலை. ஒரு தலைவருக்கு நேராகப் பதில் சொல்பவர்கள் மூன்றிலிருந்து ஐந்துக்குள் இருக்கட்டும்; இங்கே ஸ்ட்ரெச்சர், பாலம், தொடர்பு, லைன் இளைஞர்கள் என்று நான்கு. பத்துப் பேர் கொண்ட செக்‌ஷன், மூன்று செக்‌ஷன் கொண்ட பிளட்டூன், மூன்று பிளட்டூன் கொண்ட கம்பெனி என்று படை அடுக்கியிருப்பதும் இதே காரணத்துக்குத்தான்.

படி 7: திரும்பச் சொல்லச் சொல்லுங்கள்

‘புரிஞ்சுதா?’ என்று கேட்டால் பன்னிரண்டு தலையும் ஆடும். அந்தக் கேள்வியையே விட்டுவிடுங்கள். ‘உன் வேலை என்ன, சொல்லு’ என்று கேளுங்கள்.

மண்ணில் ஒரு மாதிரி செய்து வைத்துக்கொண்டு கேட்டால் இன்னும் நல்லது. படையில் சாண்ட் மாடல் என்பார்கள். நம்மூர் செம்மண் ஈரமாக இருக்கும்போது குவித்தால் அப்படியே நிற்கும். இரண்டு மீட்டர் நீளத்துக்குக் குவியுங்கள். ஒரு கிலோமீட்டர் பாதைக்கு அது தாராளம். நீல பிளாஸ்டிக் கயிறு பள்ளம், ஓட்டுத்துண்டு வீடுகள், தீப்பெட்டி பாலம், மேலே ஒரு செங்கல் பள்ளிக்கூடம். வடக்கு எது என்று ஒரு குச்சி நட்டு, மாதிரியையும் அதே திசையில் வையுங்கள். பிறகு பாலத்துக்காரரை மாதிரியில் நடந்து காட்டச் சொல்லுங்கள்.

“அக்கா, நான் பாலத்துக்கு மேட்டுப்பக்கம் நிப்பேன். பத்துப் பத்தா விடுவேன்.”

“தண்ணி ஏறுச்சுன்னா?”

“உங்களைக் கேப்பேன்.”

“நான் அப்போ பாலத்துல இல்ல, வாக்கி-டாக்கியிலயும் கிடைக்கலைன்னா?”

பையன் தலையைச் சொறிகிறான். ஓட்டை இங்கேதான் இருக்கிறது. பாலத்தில் தெரிந்துகொள்வதற்குப் பதிலாகப் பள்ளிக்கூட வாசலில் தெரிந்துகொண்டோம். பத்து நிமிடச் செலவு.

படி 8: முடிவுகளை முன்கூட்டியே எடுத்து வைப்பது

அந்த ஓட்டையை அடைப்பது இப்படி. தண்ணீர் பாலத்தின் அடிப்பக்கத்தைத் தொட்டால் யாரும் கடக்கக் கூடாது, எல்லோரும் ஷெட்டுக்கு. முடிவு பாலத்தில் நிற்பவருடையது, யாரையும் கேட்க வேண்டாம். தண்ணீர் திடீரென்று கலங்கலாக மாறினாலோ, மழை நிற்காதபோதே ஓட்டம் சட்டென்று குறைந்தாலோ அப்படியே. குறைந்தால் நல்லதுதானே என்று தோன்றும். மேலே எங்கோ மண்சரிந்து ஓடையை அடைத்திருக்கிறது, உடைந்தால் மொத்தமாக வரும் என்று அதற்கு அர்த்தம். இன்னொன்று: 15.45-க்குள் கடைசி ஸ்ட்ரெச்சர் லைனை விடவில்லையென்றால் அது மேலே வராது, ஷெட்டுக்குப் போகும்.

களைத்து, நனைந்து, 39 பேரைச் சேர்த்துவிட்டு ஒருவருக்காக நிற்கும்போது மனிதன் நல்ல முடிவெடுக்க மாட்டான். ‘இவ்வளவு தூரம் வந்துட்டோம், இன்னும் கொஞ்சம்தானே’ என்பான். காலை 11.30-க்கு உலர்ந்த சட்டையோடு எடுத்த முடிவு மாலைக்குக் காவல்.

பழகிய வேலைகளுக்கு முடிவே தேவையில்லை. ஸ்ட்ரெச்சர் மாற்றுவது, தலை எண்ணுவது, ஒருவர் வழுக்கினால் ‘நில்’ என்று கத்துவது எல்லாம் டிரில். மூளை மிச்சமாக வேண்டுமானால் டிரில் அதிகம் வேண்டும்.

நடக்கும்போது

தலைவர் ஸ்ட்ரெச்சர் கம்பைப் பிடிக்கக் கூடாது. மனசு கேட்காது, ஆனாலும் கூடாது. தோளில் பாரம் இருப்பவருக்கு முன்னால் போகிறவரின் முதுகுதான் தெரியும். அடுத்த முடிவு எங்கே தேவைப்படுமோ அங்கே நிற்க வேண்டும். இங்கே அது பாலம்.

கையிருப்பைத் தொடாமல் வையுங்கள். எடுத்துவிட்டால் உடனே இன்னொன்றைத் திரட்டுங்கள்: மேலே வந்து டீ குடித்து முடித்த நால்வர் போதும்.

தகவல் நான்கு துண்டு: நேரம், இடம், நடந்தது, நான் செய்யப்போவது. “14.30, பள்ளிக்கூடம், முதல் ரெண்டு ஸ்ட்ரெச்சரும் வந்தாச்சு, எட்டுப் பேர் இறங்குறாங்க, ஓவர்.” எண்களை இருமுறை. அரைமணிக்கு ஒருமுறை, நடுவில் கதை வேண்டாம், அலைவரிசையில் ஒருவர் பேசினால் மற்றவர் ஊமை. தொடர்பு அறுந்தால் வேலையின் ‘ஏன்’ எதுவோ அதன்படி தொடருங்கள்.

தூரத்தில் இருப்பவர் நெருக்கத்தில் இருப்பவருக்குப் பதிலாக முடிவெடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு 1962 அக்டோபரில், சீனப் போரின்போது, வடகிழக்கு எல்லையில் நாம்கா சூ ஆற்றங்கரையில் நடந்தது போதும். மேலே தாக்லா முகட்டில் சீனப்படை, கீழே ஆற்றோரம் நம் 7-வது பிரிகேடு. குளிர் உடை, குண்டு, உணவு எல்லாம் பற்றாக்குறை. அங்கிருந்தவர்கள் முடியாது என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். எதிரியை அகற்று என்ற முடிவோ டெல்லியிலிருந்து வந்தது. கோர் (பல டிவிஷன்கள் சேர்ந்த பெரும்பிரிவு) கமாண்டர் கவுல் உடல்நலம் கெட்டு டெல்லிக்குப் போய், படுக்கையிலிருந்தே உத்தரவு அனுப்பினார். 20-ந் தேதி காலை தாக்குதல் வந்தது. சில மணி நேரத்தில் பிரிகேடு சிதறியது. பிறகு அந்தக் கோரை ஏற்க அனுப்பப்பட்டவர் மானெக்‌ஷா.

நம் அளவில் இது வாக்கி-டாக்கியில் நடக்கும். பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்திருக்கும் பெரியவர் பாலத்துப் பையனை நேராகக் கூப்பிட்டு ‘இன்னும் ரெண்டு பேரை விடு’ என்பார். நடுவில் இருப்பவருக்குத் தெரியாது. மேலே இருப்பவர் கேள்வி கேட்கலாம். உத்தரவு மட்டும் வரிசைப்படிதான்.

வேகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்க விமானப்படையின் ஜான் பாய்ட் முடிவெடுப்பதை ஒரு சுழலாகப் பார்த்தார்: பார், நிலைமையைப் புரிந்துகொள், முடிவெடு, செய், மறுபடி பார். பலரும் ‘முடிவெடு’வை வேகப்படுத்தப் பார்க்கிறார்கள். சிக்குவது பெரும்பாலும் இரண்டாவதில். கண் தண்ணீர் குறைந்ததைப் பார்க்கும், மனம் ‘மழை விடுகிறது’ என்று நம்ப விரும்பும்.

முடிந்த பிறகு

உடம்பு துவட்டி, சூடாக எதையாவது குடித்து, அன்றைக்கே உட்காருங்கள். மறுநாள் ஆளாளுக்கு ஒரு கதை தயாராகிவிடும். நான்கு கேள்வி: என்ன நடக்க வேண்டும் என்று நினைத்தோம், என்ன நடந்தது, ஏன் வித்தியாசம், அடுத்த முறை எதை மாற்றுவோம். அமெரிக்கப் படை பயிற்சிக் களங்களில் பழக்கிய முறை இது. அங்கே பதவி பார்ப்பதில்லை, ‘யார் தப்பு’ என்று கேட்பதும் இல்லை. தலைவர் தன் பிழையை முதலில் சொன்னால் மற்றவர் வாய் திறக்கும்.

நோட்டைத் திறந்து, திட்ட நேரத்துக்குப் பக்கத்தில் நடந்த நேரத்தை எழுதுங்கள். ஏற 45 என்று போட்டது 60 ஆகியிருக்கும். அடுத்த மழைக்கு 60 என்று போட்டுப் பின்னாலிருந்து எண்ணத் தொடங்குங்கள். தண்ணீர் எதுவரை ஏறியது என்று பாலத்துச் சுவரில் பெயிண்டால் ஒரு கோடும் போட்டுவிட்டு வாருங்கள்.